ஃபௌசியாவின் மார்க் ஷீட்

ஜாகிருக்கு எந்தப் பொருளையும் வெறுமனே விட்டுவைக்கத் தெரியாது. கண்ணில் பட்டால் அதற்கு ஓர் உறை போட்டாக வேண்டும். நெய்வேலி மெயின் பஜாரில் அவன் வைத்திருந்தது வண்டி சீட்டுக்கு உறை தைக்கும் கடை. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் கிழிந்த சீட்டோடு பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினால், எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புது ரெக்சின் மாட்டித் தந்துவிடுவான். இந்திரா நகரில் இருந்த அவன் வீட்டிலும் அதே கதைதான். டிவி ரிமோட்டுக்கு உறை, கேஸ் சிலிண்டருக்கு உறை, மகள் சித்தீகாவின் அட்லஸுக்கு இரட்டை உறை. கல்யாணமான புதிதில் ஃபௌசியா தன் பெட்டியிலிருந்து பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுகளை எடுத்துக் காட்டியபோதும் அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தன்னுடைய இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய், நான்குக்கும் கெட்டியாக லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.

"இனிமே தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆவாது."

புது மனைவிக்கு அவன் ஆசையாகச் செய்த முதல் காரியம் அது. பதினாறு வருடம் கழித்து, இரண்டாயிரத்துப் பதினாறு ஜூன் மாதத்தில், அதுவே வினையாக வந்து நின்றது.

ஃபௌசியா எட்டு வருடமாக ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் கான்ட்ராக்டில் வேலை பார்த்து வந்தாள். சுரங்கத்தில் கரியை எடுத்துவிட்டு மறுபடி மூடிய நிலத்தில் பயிர் பச்சை வருமா என்று பார்க்கிற வேலை. பை பையாக மண் வரும். அதைச் சலித்து, கரைத்து, வடிகட்டி, என்ன இருக்கிறது என்ன இல்லை என்று எழுதி வைப்பாள். அந்தக் கூடத்துக் கம்ப்யூட்டரில் ஒருநாள் இத்தாலியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவிப்பைப் பார்த்தாள். மண்ணறிவியலில் இரண்டு வருட முதுகலை, உதவித்தொகையோடு. முப்பத்து நாலு வயதில் யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் விண்ணப்பித்தாள். எடுத்துக்கொண்டார்கள்.

கடிதம் வந்த அன்று ஜாகிர் அதைப் பிரிண்ட் எடுத்துக் கடைக்குக் கொண்டுபோனான். வந்தவர் போனவர் எல்லாரிடமும் காட்டினான். "கல்யாணத்துக்கு அப்புறம் நான்தாங்க படிக்க வெச்சேன்" என்று ஒவ்வொருவரிடமும் ஒரு வரி சேர்த்துச் சொன்னான். அது பொய்யும் இல்லை. கல்யாணமாகி மூன்றாம் வருடம், "மேல படிக்கிறியா?" என்று அவன்தான் கேட்டான். விருத்தாசலம் கல்லூரியில் சேர்த்துவிட்டதும், இரண்டாம் வருடத்தில் சித்தீகா பிறந்தபோது படிப்பை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டதும் அவன்தான்.

விசாவுக்கு ஜூலை பதினெட்டாம் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் தேர்வுத் துறையில் உண்மையானதுதான் என்று சரிபார்த்து, தலைமைச் செயலகத்தில் கையெழுத்து வாங்கி, கடைசியாக அதன் பின்பக்கத்தில் வெளியுறவுத் துறையின் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அந்த ஸ்டிக்கருக்கு அப்போஸ்டில் என்று பெயர். அது இருந்தால்தான் அந்த ஊரில் இந்தக் காகிதம் செல்லும். ஜாகிர் சென்னையில் ஓர் ஏஜெண்டுக்கு போன் போட்டு, ஃபௌசியாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன ஏஜெண்ட் கடைசியில் கேட்டார்.

"மார்க் ஷீட் லேமினேஷன் எதுவும் போடலியே சார்?"

"போட்டிருக்கேன் சார். நல்ல கெட்டி" என்றான் ஜாகிர் பெருமையாக.

"போச்சு. அப்ப வாங்க மாட்டாங்க சார். சீலும் ஸ்டிக்கரும் காகிதத்து மேலதான் விழணும். பிளாஸ்டிக் மேல ஒட்டினா செல்லாது. பிரிச்சுக் கொண்டாங்க. முடியலன்னா டூப்ளிகேட் வாங்குங்க."

போனை வைத்த பிறகு அவன் ஃபௌசியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பீரோவைத் திறந்து அந்த மார்க் ஷீட்டை எடுத்தாள். ஓரத்தில் விரல் நகத்தை விட்டுப் பார்த்தாள். அசையவில்லை.

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போடுவோம், விடுங்க" என்றாள்.

அந்த வாரம் சோதனைக் கூடத்தில் மண் வந்து குவிந்திருந்ததால் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டு புதன்கிழமை ஜாகிர் காடாம்புலியூருக்குப் புறப்பட்டான். அவள் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம். ரமலான் தொடங்கி அது இரண்டாவது நோன்பு. வெயில் முந்திரித் தோப்புகளின் மேல் கொதித்துக்கொண்டிருந்தது.

பள்ளியில் அட்மிஷன் கூட்டம் நெரிந்தது. பெற்றோர்கள் எல்லாரும் போன பிறகுதான் எழுத்தர் கொளஞ்சிநாதன் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"டூப்ளிகேட்டா? தொலைஞ்சு போச்சுங்களா?"

"தொலையலீங்க. லேமினேஷன் போட்டுட்டேன்."

கொளஞ்சிநாதன் சிரித்துவிட்டார். "நீங்க மட்டுமா? ஊருல பாதிப் பேரு போட்டு வெச்சிக்கினு இருக்காங்க. என் பொண்ணுதுக்கு நானே போட்டு வெச்சிருக்கேன்." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு விவரம் சொன்னார். தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு மனு போக வேண்டும், பழையதை ஒப்படைக்க வேண்டும், எப்படிப் பார்த்தாலும் மூன்று மாதம்.

"எனக்கு நாப்பது நாள்தாங்க இருக்கு."

"அப்ப இத நம்பிக்கினு இருக்காதீங்க. எதுக்கும் எழுதி மட்டும் குடுத்துட்டுப் போங்க. ஒப்படைக்கறத அப்புறம் பாத்துக்கலாம்."

மனுவில் எழுதுவதற்காக இரண்டாயிரமாவது வருடத்துப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி விரித்தார். விரலை ஓட்டிக்கொண்டே போய் ஒரு வரியில் நிறுத்தினார்.

"நை. ஃபௌசியா. இவங்கதானே? இன்னாங்க இது, டி.சி. ரெண்டு தடவ போயிருக்கு?"

இரண்டாயிரத்து மூன்றில் வாங்கியது ஜாகிருக்குத் தெரியும். விருத்தாசலம் கல்லூரியில் சேர்வதற்காக வாங்கியது. அன்றைக்கு அவன் வாசலில் வண்டியோடு நின்றான், அவள் மட்டும் உள்ளே போய் வந்தாள். ஆனால் அதற்கு மேலே சிவப்பு மையில் இன்னொரு வரி இருந்தது. 12.7.2000 அன்று வழங்கப்பட்டது. 22.7.2000 அன்று தகப்பனாரால் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.

பக்கத்து மேசையில் அட்மிஷன் பாரங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஆசிரியை எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. சுப்புலட்சுமி டீச்சர், தாவரவியல். ஃபௌசியா எப்போதாவது அவரைப் பற்றிப் பேசுவாள்.

"முந்திரி கமிஷன் நைனா முகமது பொண்ணா? நீங்க யாரு?"

"அவங்க வூட்டுக்காரருங்க."

டீச்சர் அவனை ஒரு கணம் கூர்ந்து பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது போல இருந்தது. பிறகு சொல்லிவிட்டார்.

"கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில சீட்டு கெடச்சுதுங்க அவளுக்கு. இந்த ஸ்கூல்லேர்ந்து அதுக்குப் போன முதல் பொண்ணா இருந்திருப்பா. நான்தான் அப்ளிகேஷன் பூர்த்தி பண்ணிக் குடுத்தேன். அவங்க அப்பா சந்தோஷமாத்தான் டி.சி. வாங்கிக்கினு போனார். பத்து நாள்ல அவரே திரும்பக் கொண்டாந்து நீட்டினார். நல்ல இடம் வந்திருக்கு டீச்சர், மாசக் கடைசிக்குள்ள நிக்காஹ் வெச்சிக்கணும்னு மாப்ள வூட்டுல கேக்கறாங்கன்னார். சரிங்க, டி.சி. வூட்டுலயே இருக்கட்டும், எப்பவாச்சும் ஒதவும்னேன். இல்ல டீச்சர், இது கண்ணுல பட்டா அந்தப் புள்ள அழுவுது, இங்கயே இருக்கட்டும்னு வெச்சிட்டுப் போயிட்டார்."

ஜாகிர் அந்தச் சிவப்பு மை வரியை மறுபடி படித்தான்.

"அப்புறமாச்சும் படிச்சாளா?"

"படிச்சாங்க டீச்சர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. இப்ப இத்தாலியில சீட்டு கெடச்சிருக்கு. மண்ணப் பத்திப் படிக்க."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. வழக்கமாக அந்த இடத்தில் அவன் சேர்த்துச் சொல்லும் வரி அன்றைக்கு அவன் வாயில் வரவில்லை.

திரும்பும் வழியில் ஒரு முந்திரித் தோப்பு நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். மாசக் கடைசிக்குள் வைக்க வேண்டும் என்று கேட்டது யார்? அவன் வீட்டார்தான். அக்கா மாப்பிள்ளை சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தார். அவர் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரே அவசரம். ஜூலை முப்பதில் நிக்காஹ். அவளுடைய வீட்டார் இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார்கள் என்று அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வரத்தானா அது? எதற்காக என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

இரண்டு நாள் அவன் வீட்டில் அதிகம் பேசவில்லை. டூப்ளிகேட் கிடைக்காது என்ற கவலை என்றே ஃபௌசியா நினைத்தாள். வெள்ளிக்கிழமை கடையில், சுரங்கத்தில் ஆப்பரேட்டராக இருக்கும் துரைராஜ் தன் பைக் சீட்டை மாற்ற வந்தவர், "உன் சம்சாரம் வெளிநாடு போவுதாமே பாய்? நீதானே படிக்க வெச்ச?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஜாகிர் தையல் மிஷினிலிருந்து நிமிராமல், "அவங்க நல்லாப் படிக்கிறவங்க சார்" என்று மட்டும் சொன்னான்.

அன்றைக்கு நோன்பு திறந்து, மஃரிப் தொழுகை முடிந்து, ஃபௌசியா கஞ்சிப் பாத்திரத்தைக் குழாயடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் கதவில் சாய்ந்து நின்றான்.

"அக்ரி காலேஜ்ல சீட்டு கெடச்சத நீ ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

அவள் கை நின்றது. "யாரு சொன்னா?"

"சுப்புலட்சுமி டீச்சர்."

"டீச்சர் இன்னும் அங்கதான் இருக்காங்களா?" அவள் முகம் சட்டென்று மலர்ந்தது. "எப்படி இருக்காங்க? கண்ணாடி போட்டுட்டாங்களா?"

"ஃபௌசி."

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"சொல்லி என்ன ஆகப் போவுது? உங்களுக்குத் தெரிஞ்சா பண்ணீங்க? தெரியாம நடந்ததுக்கு உங்கள நிறுத்தி வெச்சுக் கேக்க முடியுமா?"

"கோவம் இல்லியா உனக்கு?"

"இருந்துச்சு. முதல் வருசம் முழுக்க இருந்துச்சு. இப்ப அவங்களுக்கு முதல் செமஸ்டர் பரீட்சை வந்திருக்கும், இப்ப வயல்ல நடவுக்கு எறங்கியிருப்பாங்கன்னு உள்ள ஓடிக்கினே இருக்கும். நீங்க கடையிலேர்ந்து வந்து ஆசையா என்னென்னமோ பேசுவீங்க. எனக்குக் காதுலயே விழாது."

"நீ கூச்சப்படறன்னு நெனச்சேன் நான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

"எங்க அவசரந்தான் ஃபௌசி எல்லாத்துக்கும் காரணம். மச்சான் லீவு ஒரு சாக்கு. தேதிய முன்னால வைங்கன்னு அக்காகிட்ட நச்சரிச்சது நான்தான். உன் போட்டோவக் கொண்டாந்து காட்டினாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் பொறுக்கறதுன்னா என்னால முடியாதுன்னு ஆயிடுச்சு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "இது எனக்குத் தெரியாதே."

"நானும்தான் சொல்லல."

உள்ளே சித்தீகா பதினேழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் படிக்க வெச்சேன்னு ஊரெல்லாம் பீத்திக்கினு திரிஞ்சேன்" என்றான் ஜாகிர்.

"நீங்க படிக்க வெக்கலியா? சித்தீகா கைக்குழந்தையா இருந்தப்ப, ரெக்சின் ரோலுக்கு நடுவுல தொட்டில் கட்டி ஆட்டிக்கினே மிஷின் மிதிச்சது யாரு? பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. நான் பஸ்ஸுலேர்ந்து எறங்கி வந்து பாப்பேன், நீங்க பால் பாட்டில வாயில கடிச்சிக்கினு நூல் கோத்துக்கினு இருப்பீங்க." அவள் எழுந்தாள். "நீங்க பீத்திக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

மறுபடி குழாயைத் திறந்தாள். சற்றுப் பொறுத்து ஜாகிரும் பக்கத்தில் குந்தி, அவள் தேய்த்துப் போட்டதை அலசத் தொடங்கினான். பாதியில், "ஞாயித்துக்கிழமை நானே பிரிச்சுப் பாக்கறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தைப் பெருக்கி, மேசை மேல் வெள்ளைத் துணி விரித்தான். இஸ்திரிப் பெட்டி, மெல்லிய பிளேடு, பழைய மல்துணி. காகிதம் பறக்கக் கூடாது என்று ஃபேனை நிறுத்தினான். நோன்பும் புழுக்கமும் சேர்ந்து பத்து நிமிடத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பீரோவிலிருந்து தன்னுடைய மார்க் ஷீட்டுகள் இரண்டையும் எடுத்து முன்னால் வைத்தான்.

"இது எதுக்கு?" என்றாள் ஃபௌசியா.

"மொதல்ல இதுல பாப்போம். அதே போர்டு, அதே காகிதம்."

"உங்க பத்தாவது மார்க் ஷீட்டுங்க அது. கிழிஞ்சா திரும்பக் கிடைக்குமா?"

"சீட்டு தைக்கறவன்கிட்ட எவன் வந்து பத்தாவது மார்க் ஷீட்டக் கேக்கப் போறான்?"

மல்துணியை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக அழுத்தி, ஓரத்தில் பிளேடை நுழைத்துத் தூக்கினான். விரல் அளவு வந்தது. இழுத்தான். அடுத்த கணம் காகிதம் நடுவில் இரண்டாகப் பிளந்தது. தமிழில் அவன் எடுத்த எழுபத்தொன்று பிளாஸ்டிக்கோடு போய்விட்டது.

"அத்தா, தமிழ்ல நீங்க பெயில்" என்றாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த சித்தீகா.

ஃபௌசியாவுக்கு மனசு கேட்கவில்லை. "போதுங்க, வேற வழி பாப்போம்" என்றாள். அவன் காதிலேயே வாங்கவில்லை. கிழிந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சூடு அதிகம். இழுத்ததும் தப்பு. பழைய சீட்டில் ஒட்டிப்போன ரெக்சினை உரிக்கும்போது மேலே தூக்கி இழுத்தால் அடியில் இருக்கும் ஃபோம் பிய்ந்துவிடும். அதையே மடித்துப் படுக்க வைத்து, வந்த வழியிலேயே பின்னால் தள்ளிக்கொண்டு போனால் ஃபோம் அப்படியே நிற்கும். இத்தனை வருடமாகச் செய்கிற வேலை இது.

இரண்டாவது, அவனுடைய பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கில் இருபத்தாறு வாங்கித் தோற்றது. சூட்டைக் குறைத்து, பிளாஸ்டிக்கை மடித்துப் படுக்க வைத்து, நெல்லளவு நெல்லளவாக நகர்த்திக்கொண்டு போனான். அரை மணி நேரத்துக்குப் பிறகு காகிதம் முழுசாக அவன் கையில் வந்தது. ஓர் எழுத்துக்கூடப் போகவில்லை.

"பாத்தியா, பெயிலானது சுத்தமா வந்துடுச்சு!" என்றான். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு செவ்வந்தி ஜன்னலைத் திறந்து என்ன என்று கேட்டாள்.

மதிய லுஹர் தொழுகையை முடித்துவிட்டு ஃபௌசியாவின் மார்க் ஷீட்டை எடுத்தான். ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. பதினாறு வருடத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறான், அந்த எண் அன்றைக்குத்தான் கண்ணில் உறைத்தது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

பின்பக்கம் முதலில். அது தடையில்லாமல் வந்தது. முன்பக்கத்தில் மேலிருந்து தொடங்கினான். பள்ளியின் பெயர், அவள் பெயர், பாடங்கள் ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக்கிலிருந்து விடுபட்டு வெளியே வந்தன. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்குக் கடைசி நான்கு விரற்கடைதான் மிச்சம். அங்கேதான் தலைமை ஆசிரியரின் வட்ட சீல் இருந்தது. பிளாஸ்டிக்கைத் தள்ளியபோது சீலின் ஊதா மை அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஜாகிர் பிளேடைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னால முடியாது ஃபௌசி. சீல் போயிடும். சீல் போனா எல்லாம் போச்சு."

அவள் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்தாள். சோதனைக் கூடத்தில் குடுவையைப் பார்க்கிற பார்வை அது.

"சூட்டுல மை எளகுதுங்க. இதுக்குச் சூடு ஆவாது. குளிர் குடுப்போம்."

"குளிரா?"

"லேப்ல சாம்பிள் பாட்டில்ல பழைய லேபிள் வரலன்னா ஃப்ரீசர்ல வெச்சு எடுப்பேன். பசை வெறச்சு நொறுங்கிடும். ஈரம் படாம ஒரு உறை மட்டும் வேணும்."

உறைக்கு அந்த வீட்டில் பஞ்சமா? ஜாகிர் ஓடிப்போய்ப் புதிதாக ஒன்று கொண்டுவந்தான். மார்க் ஷீட்டைப் பாதி உரித்தபடியே அதற்குள் வைத்து, தட்டோடு ஃப்ரீசரில் வைத்துக் கதவை மூடினாள். பிறகு மூன்று பேரும் ஃப்ரிட்ஜுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். உள்ளே பிரசவம் நடக்கிற ஆஸ்பத்திரி வராந்தாவில் இருப்பது போல இருந்தது ஜாகிருக்கு.

கால் மணி நேரம் கழித்து அவள் எடுத்தாள். இந்த முறை அவளே உட்கார்ந்தாள். அவன் காகிதத்தின் இரண்டு மூலையையும் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். பிளாஸ்டிக்கை எப்படி மடிக்க வேண்டும், எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று அவன் சொல்லச் சொல்ல, அவள் நகத்தால் மெல்ல மெல்லத் தள்ளினாள். சின்னதாக ஒரு நொறுங்கும் சத்தம் கேட்டது. பசை விட்டது. இரண்டு தடவை நிறுத்தி மறுபடி ஃப்ரீசரில் வைத்து எடுத்தார்கள். சீலின் இடப்பக்க ஓரம் மட்டும் கொஞ்சம் வெளுத்தது. மற்றபடி பள்ளியின் பெயரும் கையெழுத்தும் அப்படியே இருந்தன.

கடைசித் துண்டு வந்ததும் ஃபௌசியா மார்க் ஷீட்டைத் தடவிப் பார்த்தாள். வெறும் காகிதம். சொரசொரப்பாக இருந்தது. தன் பெயர் அச்சான இடத்தில் விரலை வைத்தாள். அழுதாள். ஜாகிர் பதறிப்போய், "கிழிஞ்சிருக்கா? எங்க?" என்றான்.

"இல்லீங்க, ஒண்ணும் இல்ல" என்று தலையை ஆட்டிக்கொண்டே அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஏஜெண்டிடம் கொடுத்துவிட ஜாகிருக்கு மனம் வரவில்லை. தாங்களே அலைந்துகொள்வது என்று முடிவு செய்தார்கள். அந்த மாதத்தில் மூன்று தடவை விடியற்காலை பஸ் பிடித்துச் சென்னைக்குப் போனார்கள். முதல் தடவை தேர்வுத் துறைக் கவுன்டரில் இருந்த அம்மாள் மார்க் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"லேமினேஷன் போட்டிருந்ததா?"

ஃபௌசியா வாயைத் திறப்பதற்குள் ஜாகிர் முந்திக்கொண்டான். "ஆமாம்மா. தெரியாம போட்டது நான்தான். பிரிச்சது நாங்க ரெண்டு பேரும்."

"வீட்டுலயா?"

"வீட்டுலதான்மா."

அந்த அம்மாள் சீலின் வெளுத்த ஓரத்தைப் பார்த்தார். எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தார். உள்ளே போய் யாரிடமோ காட்டிவிட்டு வந்தார். அந்த ஐந்து நிமிடத்தில் ஜாகிர் எத்தனை தடவை ஓதினானோ அவனுக்கே தெரியாது. "இப்படிக் கொண்டாந்தா பாதி எழுத்து இருக்காது. இதுல எல்லாம் இருக்கு" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு தலைமைச் செயலகம். பிறகு ஜூன் முப்பதாம் தேதி, மார்க் ஷீட்டின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி, ஓரத்தில் சீல் குத்திக் கையில் கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் திண்டிவனத்துக்கு முன்னாலேயே மஃரிப் நேரம் வந்துவிட்டது. பேரீச்சம்பழமும் தண்ணீருமாக இருக்கையிலேயே நோன்பு திறந்தார்கள். முன் இருக்கைக்காரர் தன் வாழைப்பழத்தில் இரண்டைத் திரும்பி நீட்டினார். சாப்பிட்டு முடித்து ஜன்னலில் சாய்ந்தவள் திடீரென்று கேட்டாள்.

"என்னங்க, சித்தீகாவுக்கு யாரு தலை பின்னுவா?"

அதை அவர்கள் யோசிக்கவே இல்லை. சோறு யார் சமைப்பது, ஸ்கூல் பீஸ் எப்போது, காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர், எல்லாம் பேசியாகிவிட்டது. தினமும் காலையில் ரெட்டைச் சடை பின்னி, ரிப்பன் வைத்து மடித்துக் கட்ட வேண்டும் என்பது விட்டுப்போயிருந்தது.

"நான் பின்னறேன்" என்றான் ஜாகிர்.

"தெரியுமா உங்களுக்கு?"

"சொல்லிக் குடு."

அவள் தன் துப்பட்டாவின் குஞ்சத்திலிருந்து மூன்று இழைகளைப் பிரித்து அவன் கையில் கொடுத்தாள். வலது மேலே, நடு கீழே, இடது மேலே. விழுப்புரம் தாண்டுவதற்குள் அவன் பிடித்துக்கொண்டான். பண்ருட்டி வரும்போது குஞ்சம் முழுவதும் பின்னி முடித்திருந்தான், ஃபௌசியா தூங்கிப்போயிருந்தாள்.

ஆகஸ்டில் விசா வந்தது. செப்டம்பர் நடுவில் அவள் புறப்பட்டாள். சித்தீகா ஏர்போர்ட்டில் அழவில்லை, வீட்டுக்கு வந்து அழுதாள். ஜாகிரும் அவளோடு சேர்ந்து கொஞ்சம் அழுதான்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவன் ஐந்து மணிக்கே எழுந்தான். சீப்பும் ரிப்பனுமாக மகளை முன்னால் உட்கார வைத்தான். துப்பட்டா இழை வேறு, முடி வேறு. முடி வழுக்கியது, பிரிந்தது, அவன் பிடித்ததற்கு எதிர்ப் பக்கமாகவே ஓடியது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. சித்தீகா கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். ஒரு சடை காதுக்கு மேலே, இன்னொன்று காதுக்குக் கீழே.

"பரவால்ல அத்தா. நடந்து போனா தெரியாது" என்றாள்.

அவள் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது பின்னாலிருந்து ஒரு போட்டோ எடுத்து ஃபௌசியாவுக்கு அனுப்பினான். அங்கே இன்னும் விடிந்திருக்காது. கடையைத் திறந்து, முதல் வண்டியின் சீட்டைக் கழற்றி வைத்த பிறகுதான் பதில் வந்தது.

"வலது சடை நல்லா வந்திருக்குங்க. நாளைக்கு இடது பக்கத்த மொதல்ல பின்னுங்க, கை அசர்றதுக்குள்ள."